உருமாறிய பி வைரஸும் பிறக்கப்போகும் பிள்ளையும்: எந்த வழியை எடுப்பது?

என் அண்ணன் மகளுக்கு இது இருபத்தாறாவது வாரம். புகுந்த வீடு புதுச்சேரி வில்லியனூர், பிறந்த வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர். மூன்றாம் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பாசிட்டிவ் என்று வந்தது. அவளுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. மஞ்சள் காமாலை என்று ஒருநாள் படுத்ததில்லை. எப்போது தொற்றியது என்பதும் தெரியாது. இந்த வைரஸ் உள்ளவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான்.

போன வாரம் போன் செய்தாள். "அத்தை, அந்த வைரஸ் மாறிடுச்சாம். இப்ப இருக்கிற ஊசி அதுக்குப் புடிக்காதாம். குடும்ப குரூப்ல வந்துது. ஊசியே புடிக்காதுன்னா பொறந்த குழந்தைக்கு எதுக்கு ரெண்டு தொடையிலயும் குத்தணும்?"

ரத்த வங்கி ஆய்வகத்தில் 24 வருஷம் வேலை பார்த்தவள் நான். எத்தனையோ பாக்கெட் ரத்தத்தை இந்த ஒரு வைரஸுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறேன். அவளுக்குப் போனில் சட்டென்று பதில் சொல்லிவிட முடியவில்லை. வந்த செய்தியில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை வைத்து எடுக்கும் முடிவு முழுத் தவறாகப் போகக்கூடும். அதனால் உட்கார்ந்து, எங்கள் முன்னால் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். இதே நிலையில் இருக்கும் வேறு வீடுகளுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

செய்தியில் இருக்கும் உண்மை

ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபுச்சரம் மிகச் சின்னது, ஏறத்தாழ 3,200 எழுத்துகள். தன்னைப் பிரதி எடுக்கும்போது அது ஆர்.என்.ஏ.வாக மாறி மறுபடி டி.என்.ஏ.வாக எழுதப்படுகிறது. அப்படி எழுதும் நொதிக்குப் பிழை திருத்தும் பழக்கம் கிடையாது. வைரஸ் மும்முரமாகப் பெருகும் ஒருவர் உடம்பில் நாளொன்றுக்கு 10,000 கோடிக்கும் மேல் புதிய வைரஸ்கள் உண்டாகின்றன. இத்தனை பிரதியில் எந்த எழுத்து வேண்டுமானாலும் என்றைக்காவது மாறத்தான் செய்யும்.

வைரஸின் மேலுறைப் புரதத்தைத்தான் நாங்கள் ஆய்வகத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி என்று தேடுகிறோம். தடுப்பூசியில் இருப்பதும் அதே புரதம்தான், ஈஸ்ட்டில் வளர்த்து எடுத்தது. அந்தப் புரதத்தில் 124 முதல் 147 வரையிலான அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கோக்கும் மணிகள்) ஒரு வளையம்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தடுப்பூசியால் நம் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருள்களில் பெரும்பங்கு பிடித்துக்கொள்வது அந்த இடத்தைத்தான். 145-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் ஆர்ஜினின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்தால் வளையத்தின் வடிவம் மாறிவிடும், எதிர்ப்பொருளின் பிடி நழுவும். இதற்கு ஜி145ஆர் என்று பெயர். இத்தாலியில், வைரஸ் உள்ள தாய்க்குப் பிறந்து, தடுப்பூசியும் தயார்நிலை எதிர்ப்பொருளும் பெற்றும் தொற்றிவிட்ட ஒரு குழந்தையிடம் இதைக் கண்டு 1990-இல் எழுதினார்கள். ஆகவே இது கட்டுக்கதை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். நேற்று முளைத்ததுபோலச் சொல்வதுதான் தவறு.

இந்தக் கவலையை எடைபோட எனக்குக் கிடைத்த நல்ல தராசு தைவான். 1984-இலேயே பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கிய நாடு அது. அங்கே தைப்பே நகரத்துப் பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து சோதித்தார்கள். தொற்று இருந்த பிள்ளைகளில் அந்த வளையத்தில் உருமாற்றம் கண்டவர்கள் 1984-இல் 7.8 சதவீதம், 1994-இல் 28.1 சதவீதம். இந்த ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பினால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அதே பத்து வருஷத்தில், வைரஸைச் சுமந்த பிள்ளைகளே 9.8 சதவீதத்திலிருந்து 1.3 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பிள்ளைகளில் முன்பு 98 பேருக்குத் தொற்று, அதில் ஏழெட்டுப் பேருக்கு உருமாறிய வைரஸ். பிறகு 13 பேருக்குத் தொற்று, அதில் மூன்று நான்கு பேருக்கு உருமாறியது. பங்கு ஏறியது, தலைக்கணக்கு பாதியாக இறங்கியது. 1999-இல் எடுத்தபோது அந்தப் பங்குகூட 23 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. தடுப்பூசி போட்ட சிம்பன்சிகளுக்கு ஜி145ஆர் வைரஸையே ஏற்றிப் பார்த்தார்கள். 1999-இல் முடிவு வந்தது. அவற்றுக்குத் தொற்றவில்லை. ஊசியால் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் பல வகை. ஒன்று நழுவினால் இன்னொன்று பிடிக்கும். போதுமான அளவில், போதுமான நேரத்துக்கு முன்னால் இருந்தால்.

எங்கள் வீட்டு விஷயத்தில் முடிச்சு விழுவது அந்த நேரத்தில்தான். பெரியவர்களுக்கு ஊசி போட்டு மாதங்கள் கழித்து வைரஸ் வரும். தாயிடமிருந்து பெறும் குழந்தைக்கோ, வைரஸ் பிரசவ வேளையிலேயே வந்துவிடுகிறது. ஊசி அதற்குப் பின்னால் துரத்திக்கொண்டு ஓடுகிறது. தாயின் ரத்தத்தில் வைரஸ் அதிகமாக இருந்தால், அதில் ஏற்கெனவே சொற்பமாக இருக்கும் உருமாறியவையும் சேர்ந்தே வரும். மற்றவை மடிய, அவை மட்டும் மிஞ்சும் வாய்ப்பு உண்டு. இவளுக்கு எண்ணிக்கை எடுத்தபோது மில்லி லிட்டருக்கு 3 கோடிக்கு மேல் இருந்தது. வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் இ ஆன்டிஜென் என்ற புரதமும் பாசிட்டிவ். அப்படிப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால் 100-இல் 70 முதல் 90 பேருக்குத் தொற்றும். பிறந்த உடனே தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுள் தொற்றாக நின்றுவிடும். பெரியவர்களுக்கு அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. பிற்காலத்தில் ஈரல் சுருக்கமும் ஈரல் புற்றுநோயும் வருவது இந்தப் பிள்ளைகளுக்குத்தான். ஒன்றும் செய்யாமல் இருப்பது என்ற வழியை இத்தோடு மூடிவிட்டேன்.

தடுப்பூசி மட்டும்

அரசு அட்டவணைப்படி, பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று. பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் சேர்ந்தே வரும். அந்த ஊசி நாட்டில் முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும்தான், 2011 டிசம்பரில். காசு இல்லை, எல்லா ஊரிலும் கிடைக்கும், ரத்தத்திலிருந்து எடுத்த பொருள் இல்லை. வைரஸ் குறைவாக உள்ள தாய்க்கு இதுவே பெரும்பாலும் போதும். ஆனால் இவளைப்போல எண்ணிக்கை கோடியில் இருந்தால், தனித்து விடப்பட்ட தடுப்பூசியை நான் நம்பமாட்டேன். தொற்றைச் சுமார் முக்கால்வாசி குறைக்கும். மிச்சக் கால்வாசி யார் வீட்டுப் பிள்ளைக்கு?

"ஊசி புடிக்கல" என்று சொல்லப்படும் சங்கதிகளில், வைரஸ் மாறியதால் பிடிக்காமல் போனது கடைசி வரிசையில்தான் வரும் என்பது என் அனுபவம். முதல் காரணம் தாமதம். பிறந்த உடன் போடவேண்டியதை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது போடுவது. இரண்டாவது, உறைந்துபோன ஊசி. இந்த மருந்து அலுமினிய உப்போடு சேர்ந்த கலவை. ஒருமுறை உறைந்தால் உப்பு திரிந்து வீரியம் போய்விடும், உருகினாலும் திரும்பாது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். நம் பக்கத்தில் எல்லோருக்கும் பயம் வெயில்மீதும் கரண்ட் கட் மீதும்தான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்துக் கடலூரில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, மருந்து வைத்திருந்தவர்கள் எல்லாம் ஐஸுக்கு அலைந்தார்கள். ஹெபடைடிஸ் பி ஊசி சூட்டைக் கொஞ்சம் தாங்கும். உறைபனிக் கட்டியோடு ஒட்டிக் கிடப்பதைத்தான் தாங்காது. இதை யாரும் குரூப்பில் அனுப்புவதில்லை.

தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின்

இன்னொரு தொடையில் போடும் ஊசி இது. தடுப்பூசி உடம்புக்குப் பாடம் சொல்லித் தருகிறது. பாடம் படிக்க வாரங்கள் ஆகும். இம்யூனோகுளோபுலின் என்பது மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, தயாரான எதிர்ப்பொருள். போட்ட நிமிஷத்திலிருந்து வேலை செய்யும், சில மாதங்களில் கரைந்துவிடும். பிறந்த 12 மணி நேரத்துக்குள் போடவேண்டும். எவ்வளவு முன்னால் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டும் சேர்ந்தால் தடுக்கும் திறன் 85 முதல் 95 சதவீதம் வரை போகிறது.

இங்கேதான் உருமாற்றக் கேள்வியை நேராகச் சந்திக்கவேண்டும். உருமாறிய வைரஸைத் தேர்ந்தெடுத்து மேலே கொண்டுவருவதில் இந்த ஊசிக்கும் பங்கு உண்டு. ஈரல் மாற்று அறுவை செய்துகொண்டு வருஷக்கணக்கில் இம்யூனோகுளோபுலின் எடுத்தவர்களிடம் அதே ஜி145ஆர் தோன்றியிருக்கிறது. பாதுகாப்பு பெற்றும் தொற்றிய பிள்ளைகளிடம், பெறாத பிள்ளைகளைவிட உருமாற்றம் அதிகம் காணப்படுவதும் உண்மை. களை எடுத்த வயலில் மிஞ்சி நிற்பது மருந்துக்குச் சாகாத களைதான். அதற்காகக் களை எடுக்காத வயல் மேல் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். எங்கள் பிள்ளைக்கு இந்த ஊசி ஒரே ஒரு தடவை, வருஷக்கணக்கில் இல்லை. ஊசி இல்லாமல் தொற்றும் வாய்ப்பையும், ஊசி போட்டும் உருமாறியது தப்பி வரும் வாய்ப்பையும் பக்கத்தில் வைத்தால், முன்னதுதான் பல மடங்கு பெரிது.

வெளியே வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பாசிட்டிவ் தாய்மாரின் குழந்தைகளுக்கு இது இலவசம். திட்டத்தில் இருப்பதும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குறிப்பிட்ட ஒரு ஆஸ்பத்திரியின் ஃபிரிட்ஜில் இருப்பதும் வேறு வேறு. இதற்குப் பின்னால் வருகிறேன்.

தாய்க்கும் மாத்திரை

டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், தினம் ஒன்று. தாயின் ரத்தத்தில் வைரஸ் மில்லி லிட்டருக்கு 2 லட்சம் ஐ.யூ.வுக்கு (வைரஸை அளக்கும் சர்வதேச அலகு) மேல் இருந்தால் 28-ஆம் வாரத்திலிருந்து கொடுக்கச் சொன்னது 2020-இல் உலக சுகாதார நிறுவனம். 2024-இல் அதை இன்னும் தளர்த்தி, எண்ணிக்கை எடுக்க வசதி இல்லாத இடத்தில் பாசிட்டிவ் தாய்மார் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்றார்கள்.

என் மனசு சாய்ந்தது இந்தப் பக்கம்தான். காரணம் உருமாற்றப் பயமேதான். முதல் இரண்டு வழிகளும் வைரஸ் வந்த பிறகு வாசலில் நின்று தடுப்பவை. எதிர்ப்பொருளின் பிடியை நம்பி இருப்பவை. 145-ஆம் இடம் மாறினால் பலவீனப்படுவது அந்தப் பிடி. மாத்திரையோ மேலுறையைத் தொடுவதே இல்லை. வைரஸ் பிரதி எடுக்கும் நொதியை நிறுத்துகிறது. உறை எப்படி மாறியிருந்தாலும் பெருக முடியாது. கோடியில் இருப்பது ஆயிரத்துக்கோ நூற்றுக்கோ இறங்கினால், அதற்குள் ஒளிந்திருந்த உருமாறியவையும் சேர்ந்தே இறங்கும். வருகிற கூட்டமே சின்னதாகிவிட்டால் வாசலில் நிற்கும் ஊசிகளுக்கு வேலை எளிது.

சோதனையில் நிரூபித்தும் இருக்கிறார்கள். சீனாவில் எண்ணிக்கை அதிகமான 200 தாய்மாரை வைத்துச் செய்து 2016-இல் வந்த ஆய்வில், மாத்திரையைச் சொன்னபடி முடித்தவர்களின் குழந்தைகளில் ஒருவருக்கும் தொற்றவில்லை. மாத்திரை இல்லாதவர்களில் 7 சதவீதம். இரண்டு பக்கமும் குழந்தைகளுக்கு இரு ஊசிகளும் போடப்பட்டிருந்தன. 2018-இல் தாய்லாந்தில் வந்த ஆய்வு இன்னும் எனக்குப் பிடித்தது. மாத்திரை எடுத்த பக்கம் 147 குழந்தைகளில் ஒன்றுக்கும் இல்லை. எடுக்காத பக்கம் 147-இல் மூன்று மட்டும். மாத்திரை இல்லாமலேயே ஏன் இவ்வளவு குறைவு? அங்கே பிறந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் இரண்டு ஊசியும் போட்டிருந்தார்கள். கடிகாரமும் ஒரு மருந்து என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழைய மாத்திரையான லாமிவுடின் வேண்டாம் என்பதற்கும் உருமாற்றமே காரணம். இந்த வைரஸின் மரபுச்சரம் சிக்குக் கோலம் மாதிரி; ஒரே கம்பி இரண்டு வடிவத்துக்கும் போகும். மேலுறைக்கான எழுத்துகள் முழுக்க, நொதிக்கான எழுத்துகளின் மேலேயே படிந்து கிடக்கின்றன. லாமிவுடினுக்கு அடங்காமல் இருக்க நொதி தன்னை மாற்றிக்கொண்டால், கூடவே மேலுறையும் மாறும். அப்படி மாறியவற்றில் சில, தடுப்பூசி எதிர்ப்பொருளுக்கும் சரியாகப் பிடிபடாதவை. லாமிவுடினை ஐந்து வருஷம் எடுத்தவர்களில் 70 சதவீதம் பேர்வரை, வைரஸுக்கு அந்த மருந்தை எதிர்க்கும் திறன் வந்துவிடும். டெனோஃபோவிரில் எட்டு வருஷம் தொடர்ந்து பார்த்தும் அப்படி உறுதியான எதிர்ப்பு காணவில்லை. பழைய சீட்டில் லாமிவுடின் எழுதியிருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

குறையே இல்லையா? உண்டு. தினமும் மறக்காமல் போடவேண்டும். சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் பார்க்கவேண்டும். எச்.ஐ.வி இல்லை என்பது உறுதியாகியிருக்கவேண்டும். பிரசவத்துக்குப் பிறகு நிறுத்தினால் சிலருக்கு ஈரல் நொதிகள் எகிறும்; அதனால் தானாக நிறுத்தாமல், நிறுத்திய பிறகும் சில மாதங்கள் ரத்தம் பார்க்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

மற்ற யோசனைகள்

அண்ணி கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா என்றார். 1988-இல் சென்னையிலிருந்தே ஒரு ஆய்வு போனது. இந்த வைரஸைக் கண்டுபிடித்த ப்ளம்பெர்க்கே அதில் ஒருவர். நம்பிக்கையான முடிவு வந்தது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அப்படி வரவில்லை. கர்ப்பிணிக்கு வேண்டாம் என்றேன். சிசேரியன் செய்தால் தொற்றாது என்றார் மாப்பிள்ளையின் சித்தி. இந்த ஒரு காரணத்துக்காக வயிற்றைக் கிழிக்கவேண்டியதில்லை. மேலுறையின் இன்னும் இரண்டு பகுதிகளையும் சேர்த்துச் செய்த புதுவகைத் தடுப்பூசிகள் உலகில் வந்திருக்கின்றன. அவற்றுக்காகக் காத்திருக்கப் பிள்ளைக்கு நேரம் இல்லை. தாயின் வைரஸில் உருமாற்றம் இருக்கிறதா என்று மரபுச்சரத்தைப் படித்துப் பார்க்கலாமே என்று அண்ணன் கேட்டார். பார்க்கலாம், ஆனால் இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் நாம் செய்யப்போவது அதே மூன்றும்தான். அந்தப் பணத்தைப் பின்னால் குழந்தையின் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கே பிரசவம்

எல்லோரும் அதிகம் வாதாடியது இதில்தான். வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் ஒரு நர்சிங் ஹோம். கனிவானவர்கள். ஆனால் போன வருஷம் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு சிறிய இடத்தில் சனிக்கிழமை இரவு பிரசவமாகி, இம்யூனோகுளோபுலினைத் திங்கள் காலை கடை திறந்த பிறகு வாங்கிப் போட்டார்கள். அந்தக் குழந்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை ஒரு வழி. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இன்னொரு வழி, ஆனால் கன்னியக்கோயில் தாண்டி, ஊரைக் கடந்து போகவேண்டும். வலி வந்த பிறகு இருபது கிலோமீட்டருக்கு மேல் என்பது லேசான விஷயம் இல்லை.

கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மூன்று கேள்வி கேட்டு முடிவு செய்யுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பிறந்தால் இம்யூனோகுளோபுலின் உங்கள் ஃபிரிட்ஜில் இருக்குமா? பிரசவ அறையிலேயே இரண்டு ஊசியும் போடுவீர்களா? போட்ட மணியை எழுதித் தருவீர்களா? நர்சிங் ஹோமில் "வாங்கி வந்து கொடுத்துவிடுங்கள், வைத்துக்கொள்கிறோம்" என்றார்கள். அது நேர்மையான பதில். ஆனாலும் மருந்தும் ஆளும் எந்நேரமும் இருக்கும் பெரிய இடத்தையே தேர்ந்தோம். முப்பத்தேழாவது வாரத்தில் முன்கூட்டியே புதுச்சேரிக்கு, வில்லியனூர் வீட்டுக்கே திரும்பிவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று பிடிவாதம் பிடித்த அண்ணி கடைசியில், "நான் அங்க வந்து இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

எல்லையைத் தாண்டும்போது இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதியும்போது தரும் பிக்மி எண்ணும் இங்குள்ள நர்ஸம்மாவின் பதிவேடும் புதுச்சேரி ஆஸ்பத்திரி வார்டில் யாருக்கும் கண்ணில் படாது. காகிதம்தான் கூடவே போகும். வைரஸ் எண்ணிக்கை ரிப்போர்ட், மாத்திரை தொடங்கிய தேதி, குழந்தைக்குப் போடவேண்டிய இரண்டு ஊசி, மூன்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தாய் சேய் அட்டையின் முன்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

பிறகு பார்க்கவேண்டிய பரிசோதனை

ஒன்பது மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் குழந்தைக்கு ரத்தம் எடுக்கவேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் போட்ட இம்யூனோகுளோபுலினே எதிர்ப்பொருள் என்று காட்டி ஏமாற்றும். இரண்டு சோதனை: எச்.பி.எஸ்.ஏ.ஜி, அதற்கான எதிர்ப்பொருளின் அளவு. எதிர்ப்பொருள் (மில்லி லிட்டருக்கு) 10 மில்லி ஐ.யூ.வுக்கு மேலும் எச்.பி.எஸ்.ஏ.ஜி நெகட்டிவ்வாகவும் இருந்தால் பிள்ளை தப்பித்தது என்று பொருள். எதிர்ப்பொருள் மட்டும் குறைவாக இருந்தால் மறுபடி ஊசி போடலாம்.

ஆய்வகத்துக்காரியாக இதில் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கார்டு டெஸ்ட்டை இந்தக் குழந்தைக்கு ஏற்காதீர்கள். கார்டில் பூசியிருக்கும் எதிர்ப்பொருளும் அதே வளையத்தைத்தான் தேடுகிறது. உருமாறியது இருந்தால் கோடு விழாமல் போகலாம். எலைசா என்ற ஆய்வக முறையிலோ அதற்கு மேற்பட்ட முறையிலோ, பல எதிர்ப்பொருள்கள் கலந்த கிட்டில் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்பொருள் நன்றாக இருந்தும் குழந்தையின் ஈரல் நொதிகள் ஏறியிருந்தால், வைரஸின் டி.என்.ஏ.வையே நேராகத் தேடவேண்டும். உறை எப்படி இருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் இப்போதே சோதித்து, நெகட்டிவ் என்றால் மூன்று ஊசி போடச் சொல்லியிருக்கிறேன். மாமியார் கோபப்படவில்லை, "எனக்கும் பாத்துடு" என்றார்.

வரும் வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அதற்கு அடுத்த வாரம் இருபத்தெட்டு ஆரம்பம். பொண்ணை அழைத்துவரும் சடங்கும் மாத்திரை தொடங்கும் நாளும் நம் வீடுகளில் இப்படித்தான் ஒன்றாக வந்து விழுகின்றன. வில்லியனூரில் எழுதிய சீட்டு அங்கேயே அலமாரியில் தங்கிவிட, கடலூரில் முதல் இரண்டு வாரம் வீணாகிற ஆபத்து இதில் இருக்கிறது. அதனால் ஒரு மாத மாத்திரையை முன்னாலேயே வாங்கி, வளையல் டப்பாவோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்குப் போன் செய்து, போட்டாயா என்று கேட்பது என் வேலை.